போன் முதுகில் பர்ஸ்: எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

(செங்கோட்டையில் செல்போன் கடை நடத்துபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவில் உள்ள புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் காய்கறி லோடு ஓட்டுகிறேன். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து இடுப்பு வலி வந்துவிட்டது. போனுக்குப் பின்னால் ஒட்டுகிற கார்டு பை ஒன்றை மனைவி வாங்கித் தந்திருக்கிறாள். ஏடிஎம் கார்டு, லைசென்ஸ், ஆதார், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொண்டு பர்ஸை விட்டுவிடலாமா?
– லோடு வண்டி ஓட்டுநர், பாவூர்சத்திரம்

பதில்: பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க நினைத்தது ரொம்பச் சரி, தம்பி. தடித்த பர்ஸின் மேல் உட்கார்ந்து இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குவதைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். சியாட்டிக் நரம்பு அழுந்துவதால் வருவது அது. வலி காலுக்கு இறங்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆனால் பர்ஸில் இருந்ததை எல்லாம் போன் முதுகுக்கு மாற்றாதீர்கள். இன்றைக்கு நம்மிடம் பணம் கட்ட இரண்டு வழி இருக்கிறது: போனில் ஜிபே, கையில் கார்டு. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும். இரண்டையும் ஒன்றாக ஒட்டி வைத்தால், தென்மலையில் டீ குடித்த இடத்தில் போனை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு இரண்டும் சேர்ந்து போய்விடும். கையில் டீசலுக்குப் பணம் இருக்காது. வீட்டு நம்பரும் போனுக்குள்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கார்டில் நம்பர், காலாவதித் தேதி, மூன்று இலக்க சிவிவி எல்லாம் அச்சடித்திருக்கிறது. ஆன்லைனில் பொருள் வாங்க அதற்கு மேல் வேண்டியது ஓடிபி மட்டும்தான். அந்த ஓடிபி எங்கே வரும்? கார்டு ஒட்டியிருக்கும் அதே போனுக்கு! போனைப் பூட்டித்தானே வைத்திருக்கிறேன் என்பீர்கள். பூட்டிய திரையிலேயே மெசேஜ் முழுசாகத் தெரியும்படிதான் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். என் மேசைக்கு ரிப்பேருக்கு வரும் போன்களில் தினமும் பார்க்கிறேன், வங்கி மெசேஜ் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். அது தெரியாவிட்டாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும்.

அதனால் பையை ஒட்டுவதற்கு முன்னால் மூன்று வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் போய், பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். அப்புறம் சிம் லாக் போடுங்கள். சிம்மை எந்தப் போனில் போட்டாலும் பின் நம்பர் கேட்கும், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். சிம் கம்பெனி முதலில் கொடுத்த பின் நம்பர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். மூன்றாவது, போன் லாக், ஏடிஎம், ஜிபே மூன்றுக்கும் ஒரே நம்பரை வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மார்க்கெட்டில் பத்துப் பேர் நடுவில் போனைத் திறக்கிறோம், பக்கத்தில் நிற்பவர் பார்க்காமலா இருப்பார்?

சரி, பையில் எதை வைக்கலாம்? ஒரே ஒரு கார்டு. அதுவும் பெரிய பணம் இருக்கும் கணக்கின் கார்டு வேண்டாம். செலவுக்கென்று தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுவையுங்கள். வங்கி ஆப்பில் அந்தக் கார்டுக்கு ஆன்லைன் வசதியையும் வெளிநாட்டு வசதியையும் அணைத்துவிடலாம். தட்டிப் பணம் கட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் இல்லாமல் தட்டியே கட்டிவிடலாம், கண்டெடுத்தவர் கையிலும் அது அப்படியேதான் வேலை செய்யும்.

ஒரு 500 ரூபாய் நோட்டும் வைக்கலாம். நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 அகலம். கார்டின் அகலமோ 54 தான். ஒரு மடிப்பில் பைக்குள் போகாது, இரண்டாக மடித்து மறுபடியும் மடிக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் திணிக்காதீர்கள். மூன்று கார்டைத் திணித்துத் துணிப் பை ஒருமுறை விரிந்துவிட்டால், பிறகு ஒற்றைக் கார்டு அதில் நிற்காது. போனைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். கார்டு நழுவினால் அந்தப் பையின் ஆயுள் முடிந்தது.

லைசென்ஸையும் ஆர்சியையும் வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்களில் ஏற்றி வைத்தால் அதையும் ஏற்க வேண்டும் என்று 2018-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியிருக்கிறார்கள். எல்லையில் நம் பக்கம் புளியரையிலும் செல்லும், கேரளப் பக்கம் ஆரியங்காவிலும் செல்லும். ஆனால் மலையேறும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், சார்ஜும் தீரும். அதனால் அசலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம். ஆதார் கார்டைப் போன் பையில் வைக்கவே வேண்டாம்.

உங்கள் தொழிலுக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேப் பார்க்க டேஷ்போர்டு ஸ்டாண்டில் போனை மாட்டுவீர்கள். அப்போது போனின் முதுகு கண்ணாடி வழியாக வெளியே தெரியும். நம்பர் அச்சடித்த பக்கம் போனைப் பார்த்து இருக்கும்படி கார்டைச் செருகுங்கள்.

பர்ஸிலிருந்து எடுத்த இன்னொரு கார்டையும் கொஞ்சம் நோட்டையும் வண்டியிலேயே, ஆனால் போனிலிருந்து தள்ளி வையுங்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: வீட்டு நம்பர், கார்டை பிளாக் செய்யும் வங்கி நம்பர், சைபர் மோசடிப் புகாருக்கான 1930, போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (அந்தப் போனின் தனி அடையாள எண்). போன் தொலைந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி போட்டிருக்கிறது, அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். தொலைந்தது கேரளப் பக்கம் என்றால் அங்கேயே ஸ்டேஷனில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க அந்த நகல் வேண்டும்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வேலைக்குப் போகிறேன். போனிலும் கவரிலும் காந்தம் இருக்கிறது, கார்டு கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: சிப்பைக் காந்தம் ஒன்றும் செய்யாது. கெடக்கூடியது பின்பக்கத்துக் கருப்புப் பட்டைதான். வங்கிக் கார்டின் பட்டை கொஞ்சம் உறுதியானது, லேசில் அழியாது. ஹோட்டல் அறைச் சாவிக் கார்டின் பட்டை சீக்கிரம் அழியும். இங்கே வங்கிக் கார்டுகள் எல்லாம் சிப்புக்கு மாறிவிட்டதால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வயர்லெஸ் சார்ஜர். போனுக்கும் சார்ஜருக்கும் நடுவில் கார்டு இருந்தால் சிப் கெட வாய்ப்புண்டு, சார்ஜும் ஒழுங்காக ஏறாது. எடுத்துவிட்டு வையுங்கள், அக்கா. கேரள அரசு பஸ்ஸின் ட்ராவல் கார்டையும் வங்கிக் கார்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தட்டும்போது இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்ல, கண்டக்டரின் மெஷின் எதையும் படிக்காமல் நிற்கலாம். உங்கள் போனில் என்எஃப்சி (தட்டிப் பணம் கட்ட உதவும் வசதி) இருந்தால், முதுகில் உள்ள கார்டைப் படிக்கப் பார்த்து அடிக்கடி சத்தம் கொடுக்கும். தேவையில்லாத நேரத்தில் அதை அணைத்து வையுங்கள்.

கேள்வி: ஒட்டிய பை சாரல் சீசனில் கழன்று கழன்று விழுகிறது. என்ன செய்வது?
– கடைக்காரர், குற்றாலம்

பதில்: சிலிக்கான் கவரின் மேல் ஒட்டினீர்களா? அதில் எந்தப் பசையும் நிற்காது. சொரசொரப்பான கவரிலும் அப்படித்தான். வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக் கவர் வாங்கி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஓரங்களை விரலால் நன்றாக அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் கார்டு போடாமல் விடுங்கள். அந்தப் பசை பிடிப்பதற்கு நேரம் வேண்டும். சாரலில் கை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அன்றைக்கே கழன்றுவிடும். ஒருமுறை பிய்த்த பையை மறுபடி ஒட்டாதீர்கள், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.

போனின் கண்ணாடி முதுகில் நேராக ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்ப வேண்டாம். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை ஓரத்தில் கொடுத்து மெல்ல அறுத்துக்கொண்டே வாருங்கள். மிச்சப் பசை ஆல்கஹால் துணிக்கு வந்துவிடும்.