மர்பி அவென்யூவின் மர்பி

அன்புள்ள ஐயா,

வணக்கம். கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். வார இறுதியில் சாப்பிடப் போகும் தெருவுக்கு மர்பி அவென்யூ என்று பெயர். மர்பி இங்கே குடியேறிய ஐரிஷ்காரர் என்றார்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவரா? தனி ஆளாக எப்படி இவ்வளவு தூரம் வந்தார்? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பஞ்சத்தில் வந்தவர் இல்லை, தனியாகவும் வரவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது 1845-இல். மூத்த மார்ட்டின் மர்பி வெக்ஸ்ஃபோர்டை விட்டுக் கிளம்பியது 1820-இல். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரக்கூட முடியாத காலம் அது. முதலில் கனடாவில், கியூபெக்கின் ஃபிராம்ப்டனில் காடு திருத்தினார்கள். இருபது வருடம் கழித்து அமெரிக்காவின் மிசௌரி. அங்கே மலேரியாவில் அவர் மனைவி போய்விட்டார். கலிஃபோர்னியா அப்போது மெக்சிகோவின் கையில் இருந்தது. கத்தோலிக்க நாடு, நிலமும் கிடைக்கும் என்று ஒரு பாதிரியார் சொல்லியிருக்கிறார். 1844-இல், அறுபதை நெருங்கும் வயதில், பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகளோடு மறுபடி கிளம்பினார். ஏறக்குறைய ஐம்பது பேர் போன கூட்டத்தில் பாதி இந்தக் குடும்பம்தான்.

உங்கள் தெருவின் மர்பி அவருடைய மகன், இளைய மார்ட்டின்.

சியரா நெவாடா மலையை வண்டிகளோடு முதலில் தாண்டியது இந்தக் கூட்டம். பாலைவனத்தில் ஆற்றுக்கு வழி சொன்னவர் பாயூட் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். டிரக்கி என்று ஆற்றுக்குப் பெயர் வந்தது அவரால்தான். கணவாயில் சுவர்போல ஒரு பாறை மறித்தது. இடுக்கு வழியாக மாடுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, சங்கிலி கட்டி வண்டிகளை இழுத்தார்கள். இப்படி ஏறியது ஐந்து வண்டி. மற்றவற்றைக் கணவாய்க்குக் கீழே ஓர் ஏரிக்கரையிலேயே விட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். யூபா ஆற்றங்கரையில் பனி பிடித்துக்கொண்டது. ஆண்களில் பெரும்பாலோர் உதவி தேடிக் கீழே போனார்கள். போன இடத்தில் ஒரு உள்நாட்டுச் சண்டையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் மாட்டுத் தோலைக்கூட வேகவைத்துத் தின்று காத்திருந்தார்கள். இளைய மார்ட்டினின் மனைவி மேரிக்கு அங்கேதான் பிரசவம். பெண் குழந்தை. எலிசபெத் யூபா என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே வழியில் இன்னொரு பேத்தியும் பிறந்திருந்தாள். அந்தப் பயணத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. கிளம்பியவர்களைவிட இரண்டு பேர் அதிகமாகப் போய்ச் சேர்ந்தார்கள்! உங்கள் மகள் இந்தக் கதையை மேரியிலிருந்து தொடங்கினால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

1850-இல் இளைய மார்ட்டின் உங்கள் ஊரில் பெரிய பண்ணையை வாங்கினார். மேய்ன் மாநிலத்தில் அறுத்துத் தயார் செய்த மரவீடு, தென் அமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து இறங்கியது. 1864 வாக்கில் ரயிலுக்கு நிலம் விட்டார்; மர்பி ஸ்டேஷன் வந்தது. அந்த வீட்டை 1961-இல் இடித்துவிட்டார்கள். அதே வடிவில் 2008-இல் கட்டியதுதான் இன்றைய அருங்காட்சியகம். ஆனால் 'முதலில் குடியேறியவர்' என்று மட்டும் மகளிடம் சொல்லாதீர்கள். ஓலோனி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. அவர்களுக்குப் பின் மெக்சிகோக்காரர்கள், அதற்குப் பிறகுதான் மர்பி.

டானர் கணவாய் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மர்பி கூட்டம் வண்டிகளை ஏற்றிய கணவாய்தான் அது. இரண்டு வருடம் கழித்து, 1846-இல், அதே வழியில் வந்து பனியில் சிக்கிய டானர் கூட்டத்தின் 87 பேரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் செத்துப்போனார்கள். பெயர் அவர்களுக்குப் போயிற்று. ஒருவரையும் இழக்காதவர்களை யாரும் நினைப்பதில்லை, எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்த முறை டாஹோ போகும்போது டானர் ஏரியில் நிறுத்துங்கள். அங்கே 22 அடி உயர மேடை மீது ஒரு சிலை இருக்கிறது. டானர் கூட்டம் சிக்கிய குளிர்காலத்தில் பனி அந்த உயரத்துக்குக் கிடந்ததாம். மேடை இருக்கும் இடத்தில் முன்பு ஒரு மரக்குடிசை இருந்தது. டானர் கூட்டத்தில் வந்த பிரீன் என்ற ஐரிஷ் குடும்பம் அதில்தான் ஒண்டியது. அவர்களில் ஒருவரும் சாகவில்லை. குடிசையைக் கட்டியவர்கள் மர்பி கூட்டத்தார், விட்டுப்போன வண்டிகளைக் காவல் காக்க. மோசஸ் ஷாலன்பெர்கர் என்ற பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் அதற்குள் தன்னந்தனியாக, நரிகளைப் பொறிவைத்துப் பிடித்துத் தின்றுகொண்டு, பிப்ரவரி கடைசியில் ஆள் வந்து கூட்டிப்போகும்வரை இருந்தான்.