பழைய பொருள் சந்தையில் முதன்முறையாகக் கடை போடுபவர் எப்படித் தயாராக வேண்டும்?

வீட்டில் சேர்ந்துவிட்ட பழைய பொருள்களைச் சந்தையில் ஒரு மேசை எடுத்து விற்க இருப்பதாகவும், இதற்கு முன் எதையும் விற்றுப் பழக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இதுவரை ஒன்பது முறை இப்படிக் கடை விரித்திருக்கிறேன். நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது, ஒவ்வொரு பொருளின் விலையையும் வீட்டிலேயே முடிவுசெய்துவிட வேண்டும் என்பதுதான்.

முதல் முறை போனபோது பொழுது முழுதாக விடியவில்லை. பெட்டிகளைக்கூட நான் பிரிக்கவில்லை. கையில் டார்ச்சுடன் வந்த ஒருவர் பெட்டிக்குள் ஒளியடித்துப் பார்த்து, என் தந்தையின் சாவி கொடுக்கும் மேசைக் கடிகாரத்தை எடுத்துத் திருப்பி, பின்மூடியில் இருந்த முத்திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "என்ன விலை?" என்றார். வாயில் வந்த தொகையைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று அந்த வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர்மீது தவறில்லை, சந்தைக்கு முதலில் வருபவர்கள் பெரும்பாலும் வாங்கி விற்கும் வியாபாரிகள், அவர்களுக்குப் பொருளின் மதிப்பு தெரியும்.

ஆகவே, மதிப்புள்ளது என்று ஐயம் எழும் எதையும் முன்னதாகவே இணையத்தில் தேடிப் பாருங்கள். அங்கே விற்பவர் கேட்கும் விலையை நம்ப வேண்டாம், யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்த விலைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி சில ஏலத் தளங்களில் இருக்கிறது, அதுவே சரியான அளவுகோல். பிறகு ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தொகைகளை எழுதுங்கள்: ஒன்று சீட்டில் ஒட்டும் விலை, மற்றது அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று நீங்களே வரையறுத்த விலை. வருபவர்கள் கட்டாயம் பேரம் பேசுவார்கள் என்பதால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். விலைச்சீட்டை எளிதில் உரியும் காகித நாடாவில் எழுதுங்கள். அழுத்தமான பசையுள்ள ஸ்டிக்கர் புத்தக அட்டையையும் மரத்தின் மெருகையும் சேர்த்தே உரித்துவிடும். புத்தகங்களுக்கு முதல் பக்க மூலையில் பென்சிலால் எழுதினால் போதும்.

துடைப்பதிலும் சரிபார்ப்பதிலும் செலவிடும் நேரம் வீண்போகாது. மின்கலத்தில் இயங்கும் பொம்மை, வானொலி, கேமரா ஆகியவற்றின் பின்மூடியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து, உலோகத் தகட்டின்மீது வெள்ளை உப்புப் பூத்திருக்கும். அது பெரும்பாலும் அல்கலைன் பேட்டரியின் காரம் என்பதால், கையுறை அணிந்து, பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் தோய்த்து மெல்லத் தேய்த்தால் கரைந்துவிடும். பின்பு நன்றாக உலரவிட்டுப் புதிய பேட்டரி போட்டு, வாங்குபவர் கண்முன்னே இயக்கிக் காட்டுங்கள். இயங்காது என்று நினைத்து மூலையில் போட்டிருந்த கைவானொலி ஒன்று இப்படித்தான் பாடத் தொடங்கியது. ஆனால் பழைய நாணயங்களையும் பழமையான வெண்கலப் பொருள்களையும் துலக்காதீர்கள். சேகரிப்பவர்கள் அந்தப் படிந்த நிறத்துக்காகவே அவற்றைத் தேடுகிறார்கள். துலக்கினால் மதிப்பு குறையும். தலைக்கவசத்தையும் குழந்தைகளுக்கான கார் இருக்கையையும் விற்பனைக்கு வைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் ஒருமுறை அடிபட்டிருந்தாலும் உள்ளே ஏற்பட்ட சேதம் வெளியே தெரியாது. கைப்பைகளிலும் சட்டைகளிலும் எல்லாப் பைகளையும் துழாவுங்கள். கைப்பேசியிலும் கேமரா அட்டையிலும் உள்ளவற்றை அழித்துவிடுங்கள்.

மேசை தருவார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா, வண்டியை எத்தனை மணிவரை உள்ளே விடுவார்கள், எவற்றை விற்கத் தடை என்பதையெல்லாம் சந்தை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். இடத்தின் நீள அகலம் தெரிந்தால், அதே அளவை வீட்டுத் தரையில் குறித்துப் பொருள்களை ஒருமுறை பரப்பிப் பாருங்கள். பிடித்தபடி அமைந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், விடிகாலைப் பரபரப்பில் யோசிக்காமல் அடுக்க முடியும். துணிகளைக் குவியலாகக் கொட்டாமல் கம்பியில் தொங்கவிடுங்கள், புத்தக முதுகுகள் மேல்நோக்கித் தெரியட்டும், நகை போன்ற சிறிய பொருள்கள் உங்கள் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். வண்டியில் மேசையைக் கடைசியாக ஏற்றுங்கள். இறங்கியதும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

போணியாகும் நேரத்தில் பெரிய நோட்டை நீட்டுபவரிடம் சில்லறை இல்லை என்று சொன்னால் அந்த விற்பனை கைநழுவிவிடும். சிறிய நோட்டுகளையும் நாணயங்களையும் முந்தைய நாளே மாற்றி, இடுப்பில் கட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் பணப்பெட்டி வேண்டாம். துணைக்கு ஒருவர் அவசியம். பொட்டலம் கட்டப் பழைய செய்தித்தாள், திடீர் மழைக்குப் பாலித்தீன் விரிப்பு, விரிப்பு பறக்காமலிருக்கக் கவ்விகள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

கடைசி ஒரு மணி நேரத்தில் உங்களுக்குக் களைப்பும், திரும்பச் சுமக்க வேண்டுமே என்ற எண்ணமும் சேர்ந்து வரும். கேட்பவர்களும் அடிமாட்டு விலைக்கே கேட்பார்கள். பெரும்பாலான பொருள்களை அப்போது கொடுத்துவிடுவதே நல்லது. ஆனால் என்ன ஆனாலும் விலையைக் குறைத்துத் தரமாட்டேன் என்ற பொருள்களுக்கு மட்டும் குறிப்பேட்டில் முன்பே ஒரு நட்சத்திரம் இட்டுவையுங்கள். கடிகாரம் போன பிறகு, தந்தையின் மைப்பேனாவுக்கு நான் அப்படிக் குறியிட்டேன். மூன்று சந்தைகளுக்குப் போய் அது என்னுடனேயே திரும்பியது. நான்காவது முறை அதைப் பெட்டியில் வைக்கவில்லை.