தம்பியின் தூக்கமும் மலேசிய ஒப்பந்தமும்

அக்கா, சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஆடும் தம்பிக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, மலேசியக் காற்பந்துக் குழு ஒன்று கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது, வீட்டில் எல்லாரும் "போ" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், கையெழுத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் பாலிகிளினிக் டாக்டரைப் பார்க்கட்டும். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் மனநல உதவித் தொலைபேசி எண் 1771 இருக்கிறது, 24 மணி நேரமும். விளையாட்டு வீரர் என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கட்டும். சில மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளன.

"மனசு பலவீனம்" என்றாராமே உங்கள் மாமா? ஸ்பெயின் காற்பந்து வீரர் இனியெஸ்டா 2009இல் மன அழுத்தத்தில் தவித்து, உதவி தேடிப் போனவர். 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்டதும் அவர்தான். மாமாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். காயம்பட்டால் சம்பளம் தொடருமா? வாடகை யார் பொறுப்பு? அங்கே போனால் சிபிஎஃப் (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) பங்கும் ஏறாது. சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்று அங்கு இப்போது ஆடுகிறவர்களிடமே தம்பி விசாரிக்கட்டும். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருகிறது. சரி, நின்ற சம்பளத்துக்காக வழக்குப் போட்டால், அது முடியும்வரை செலவுக்கு என்ன செய்வது? அதையும் இப்போதே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.