அப்பத்துக்கு எழுந்து போக வேண்டுமா?

வணக்கம்.

மதுரையில் இருக்கிறோம். அலுவலக நண்பர் ஒருவரின் குழந்தைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஞானஸ்நானம். அழைப்பிதழில் 'காலை 8.30, திருவிருந்து ஆராதனை' என்று போட்டிருக்கிறது. நான், மனைவி, அம்மா மூவரும் போகிறோம். இதுவரை எந்த ஆராதனையிலும் உட்கார்ந்ததில்லை. எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது, முழங்கால் போட வேண்டுமா? அம்மாவுக்கு மூட்டுவலி. நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே கிளம்பவும் மாட்டார். அப்பம் கொடுப்பார்களாமே, பிரசாதம் போல வாங்கிக்கொள்ளலாமா, வாங்காவிட்டால் அவமரியாதையா? எங்களை எழுப்பிப் பேசச் சொல்வார்களோ என்று மனைவிக்குப் பயம். உங்கள் தளத்தில் சபை வழக்கங்கள் பற்றிப் படித்ததால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டவற்றில், வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டியது அப்பம் ஒன்றுதான். மற்றதையெல்லாம் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துச் செய்துவிடலாம். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாங்க வேண்டாம். அது இயேசுவின் கடைசி இரவு விருந்தை நினைத்துத் திருவிருந்தில் கொடுக்கும் அப்பம், வந்தவர்கள் எல்லோருக்குமான பிரசாதம் இல்லை. ஞானஸ்நானம் பெற்று, பிறகு திடப்படுத்தலும் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவர்கள் எடுப்பது. பல சபைகளில் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூடத் திடப்படுத்தல் ஆகும்வரை எடுப்பதில்லை. சபையார் சிலரும் அன்றைக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே நீங்கள் மூவரும் இடத்திலேயே இருந்தால் யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கவனிக்கக்கூட மாட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். ஆராதனையின் கடைசிப் பகுதியில் வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் உள்ள குட்டைத் தடுப்பை நோக்கிப் போவார்கள். உங்கள் வரிசை மொத்தமும் எழும்போது, புதிதாக வந்தவர் 'இதுதான் முறைபோல' என்று கூடவே எழுந்து, நடுவில் மாட்டிக்கொண்டு, திரும்ப வழியில்லாமல் பீடம் வரை போய்விடுவார். இதைத் தவிர்க்க நடைபாதை ஓரத்தில் உட்காராமல் சுவர் ஓரமாக உட்காருங்கள். ஓரத்தில்தான் இடம் கிடைத்தது என்றால், எழுந்து நடைபாதையில் ஒதுங்கி நின்று மற்றவர்களைப் போகவிட்டுத் திரும்ப உட்காருங்கள். தவறிப் போய்விட்டாலும் பதற வேண்டியதில்லை. அங்கே அப்பம் வாங்குகிறவர்கள் முழங்காலிட்டு, இடக்கையின்மேல் வலக்கையை வைத்து ஏந்துவார்கள். நீங்கள் கையை நீட்டாமல் கும்பிட்டபடி இருந்தால் ஆராதனையை நடத்தும் ஆயருக்குப் புரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. அப்பத்தை வாங்கி, வாயில் போடாமல், வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடித்து எடுத்து வருவது. கோயில் பழக்கத்தில் நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் அவர்களுக்கு அது மனம் நோகும் விஷயம். மீந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆயரும் உடன் நிற்பவர்களும் அங்கேயே உண்டு பருகி முடித்துவிடுவது வழக்கம் என்று சொன்னால், அதை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி மற்றவை. 8.30 என்றால் 8.15க்கு உள்ளே இருங்கள். பாடகர் குழுவும் ஆயரும் வரிசையாக உள்ளே நடந்து வருவதோடுதான் ஆராதனை தொடங்கும். தாமதமாகிவிட்டால் ஜெபம் நடக்கும்போது நுழையாதீர்கள். வாசலில் நின்று, பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றுவதா என்பதற்கு ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. வாசலில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள். கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக உட்காருவார்கள். அப்படியிருந்தால் நீங்கள் தனியாகவும் மனைவியும் அம்மாவும் சேர்ந்தும் உட்கார நேரும். ஜெபத்தின்போது பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போடுவார்கள். உங்கள் வீட்டார் போட்டுக்கொண்டால் மரியாதையாக இருக்கும், போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். விபூதியும் அப்படியே. விருந்தினரின் நெற்றியைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இந்த ஆலயங்களில் இல்லை.

எந்த வரிசை என்றால், முன்னாலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். முன்னால் உட்கார்ந்தால் பார்த்துச் செய்ய ஆள் இருக்காது, போதாததற்கு அது பாடகர் குழுவின் இடமாகவும் இருக்கக்கூடும். கடைசி வரிசைகள் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தாமதமாக வருபவர்களுக்கும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள்.

சுவரில் ஒரு பலகையில் எண்கள் எழுதியிருக்கும். அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகள் அவை. பாமாலை என்பது பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாட்டு, எழுந்து நின்று பாடுவார்கள். கீர்த்தனை நம் ராக தாளத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுகள் இன்றும் அதில் பாடப்படுகின்றன. கர்நாடக இசை கேட்கிற வீடு என்றால் உங்கள் அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் பிடித்துப்போகும். பாடத் தெரியாவிட்டால் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

எழுந்து உட்காருவதற்கு ஒரு பொது அமைப்பு உண்டு. பாவ அறிக்கைக்கு முழங்கால், வேத வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் உட்காருதல், சுவிசேஷம் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் வேதப் பகுதி) வாசிக்கும்போதும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதும் நிற்றல். ஆனால் இது எல்லா சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் ஒன்றுபோல் இருக்காது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், முன்பே ஒன்றுசேர்ந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளும் இணைந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது இந்தத் திருச்சபை. பழைய வேரின் சாயல் இன்னும் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வேர் என்பதால் அங்கியும் முழங்காலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உங்கள் மதுரையில் அமெரிக்க மிஷன் வழிவந்த ஆலயத்துக்குப் போனால் கொஞ்சம் எளிமையாகத் தோன்றலாம். எப்படியானாலும் விருந்தினர் முழங்காலிட வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மா உட்கார்ந்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொள்ளட்டும். சபையில் உள்ள முதியவர்களும் அதைத்தான் செய்வார்கள். ஆயர் "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்றதும் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். விசுவாசப் பிரமாணம் 'நான் நம்புகிறேன்' என்று அறிக்கையிடுவது. நம்பாதவர் அதைச் சொல்லத் தேவையில்லை, எழுந்து நின்றாலே மரியாதை.

காணிக்கைக்கு முன்னால் சமாதானம் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் வலக்கையை அடுத்தவர் வலக்கையோடு சேர்த்து, இடக்கையால் மூடிக்கொள்வதுதான் ஆராதனை முறையில் சொல்லியிருக்கும் விதம். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து வந்தது அது. இன்று பல இடங்களில் கும்பிட்டுக்கொள்வதோடு சரி. பக்கத்தில் இருப்பவர் உங்கள் பக்கம் திரும்பினால் நீங்களும் கும்பிடுங்கள். காணிக்கைப் பை வரும்போது பத்தோ ஐம்பதோ போடலாம், போடாமல் அடுத்தவருக்கு நகர்த்திவிடவும் செய்யலாம். உள்ளே என்ன விழுகிறது என்று யாருக்கும் தெரியாது.

அறிவிப்புகளின்போது கல்யாண ஓலை வாசித்தால் திடுக்கிடாதீர்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். வழக்கமாக மூன்று ஞாயிறு வாசிப்பது. அதே நேரத்தில்தான் 'புதிதாக வந்திருப்பவர்கள்' என்றும் சில சபைகளில் கேட்பார்கள். உங்கள் மனைவி பயப்படுவது இதற்குத்தான். எழுந்து கும்பிட்டுவிட்டு உட்காரலாம், எழாமலும் இருக்கலாம். பேசச் சொல்ல மாட்டார்கள். நண்பரிடம் முந்தின நாளே "எங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவைத்தால் இன்னும் நிம்மதி. பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு ஒரு தாள் வந்தால், நிரப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஞானஸ்நானம் பிரசங்கத்துக்கு முன்பா பின்பா என்பது ஆயரைப் பொறுத்தது. பெற்றோரும், குழந்தையின் விசுவாச வளர்ப்புக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோரும் குழந்தையோடு தண்ணீர்த் தொட்டியருகே வருவார்கள். அவர்களிடம் சில கேள்விகள் கேட்கப்படும். பிறகு ஆயர் பெயரைக் கேட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் தண்ணீர் வார்த்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார். மொத்தமே கால் மணி நேரம் இருக்கும். குழந்தை வீறிடும், அது சகஜம். உங்கள் கைபேசி உள்ளே வரும்போதே அமைதியில் இருக்கட்டும். படம் எடுப்பதாக இருந்தால் நண்பரிடம் முன்பே கேளுங்கள். அப்பத்துக்கான ஜெபம் தொடங்கிய பிறகு வேண்டவே வேண்டாம். எல்லாம் முடிந்ததும் குடும்பத்தார் ஆயரோடு நின்று படம் எடுப்பார்கள், அப்போது நீங்களும் சேர்ந்து நிற்கலாம்.

பெந்தெகொஸ்தே சபைக்கு யாராவது அழைத்தால் இதே கணக்கு வைத்துப் போகாதீர்கள். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, குழந்தையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஜெபம் மட்டும்தான். சத்தமும் கைதட்டலும் அதிகம், நேரமும் நீளும். கையை உயர்த்தச் சொல்லியோ முன்னால் வரச் சொல்லியோ அழைப்பு வரலாம். வேண்டாம் என்றால் உட்கார்ந்தே இருக்கலாம்.

திருவிருந்து உள்ள ஞாயிறு என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, கூட்டம் அதிகமானால் இரண்டும் ஆகும். அம்மாவைக் காலைச் சாப்பாட்டோடு அழைத்துப் போங்கள். குழந்தைக்கான உறையை ஆலயத்துக்குள் நீட்ட வேண்டாம், அங்கே அவர்கள் கையில் குழந்தையும் பாட்டுப் புத்தகமும் இருக்கும். மதியச் சாப்பாட்டுப் பந்தலில் கொடுங்கள். நீங்கள் சைவம் என்றால் நண்பரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இலை போட்ட பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் சங்கடம்.