சோற்றை எவ்வளவு குறைக்கலாம்? கொடைக்கானல் வட்டாரத்துக் கேள்விகள்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது பற்றி நம் மலையில் பலர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். நான் டயட்டீஷியன், மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மாத்திரை பற்றிச் சொல்லும்போது அதை மனதில் வையுங்கள்.

பண்ணைக்காடு: பேலியோ, கீட்டோ, லோ கார்ப் எல்லாம் ஒன்றுதானா மேடம்?

இல்லை. நாளுக்கு 130 கிராமுக்குள் மாவுச்சத்து என்றால் பொதுவாக லோ கார்ப். 20 முதல் 50 கிராமுக்குள் இறக்கினால் கீட்டோ. பேலியோ என்று நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் தானியமும் பருப்பும் நிறுத்திய லோ கார்ப். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் இருக்கிறது. காலையில் நாலு இட்லி, இரண்டு வேளை வயிறு நிறையச் சோறு, நடுவில் நாலு சர்க்கரை டீ என்று போகிறவர் 300-ஐத் தொட்டுவிடுவார்.

பூம்பாறை: உருளை, கேரட், பூண்டு போடுகிறோம். எங்கள் தோட்டத்தில் விளைவதை நாங்களே சாப்பிடக் கூடாதா?

கேரட்டைக் குறை சொல்லாதீர்கள், பாவம். 100 கிராமில் 10 கிராம்கூட வராது. உருளையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேருங்கள். உருளை வறுவல் வைத்த அன்று சோறு ஒரு கரண்டி குறையட்டும். பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தாராளமாகச் சாப்பிடலாம். மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்க்கரை மாத்திரைக்கு மாற்று என்ற பட்டத்தை யாரும் தரவில்லை.

தாண்டிக்குடி: பட்டர் ஃப்ரூட்?

நல்லது. மாவுச்சத்து குறைவு, அதிலும் பெரும்பகுதி நார்ச்சத்துதான். ஆனால் 100 கிராமுக்கு 160 கலோரி, எனவே அரைப் பழம் போதும். ஜூஸ் கடையில் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டு அடித்துத் தருவது வேறு கதை.

கொடைக்கானல்: என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சுகர். கிளிமிபிரைடு, டபாக்ளிஃப்ளோசின் ரெண்டும் போடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று நேற்றிலிருந்து சோறே தொடுவதில்லை. பயப்பட வேண்டுமா?

அம்மா, நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்லுங்கள். லோ கார்பில் நான் பயப்படும் இடம் இதுதான்.

கிளிமிபிரைடு, சோறு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வார். இந்தக் குளிரில் ஒருவருக்கு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

டபாக்ளிஃப்ளோசின் வேறு விதம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கொழுப்பு கரையும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து உண்டு. இதில் மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டர் 180 என்று சாதுவாகக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, எழ முடியாத அசதி வந்தால் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலைப்பாதையில் வாந்தி வருவது நமக்குப் பழக்கம். 'வத்தலக்குண்டு போய் வந்த அலுப்பு' என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரிடம் அளவை மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கும் இது பொருந்தும். முதல் நாட்களில் உப்பும் நீரும் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.

பெருமாள்மலை: முதல் வாரம் மூணு கிலோ இறங்கியது. அப்புறம் நகரவே இல்லை.

அதில் பெரும்பகுதி தண்ணீர், தம்பி. உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் இருக்கும். இருப்பு கரைந்தால் நீரும் போகும். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும்.

கொடைக்கானல்: சுகர் நிஜமாகவே குறையுமா, இல்லை விளம்பரமா?

குறையும். 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு அலசலில், ஆறு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தவர்கள் லோ கார்பில் 57 சதவீதம், மற்ற உணவுமுறைகளில் 31. ஒரு வருடத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது; அத்தனை கறாராகப் பலரால் தொடர முடிவதில்லை. நம் நாட்டுத் தரவுகளை வைத்து ஐசிஎம்ஆர்-இண்டியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு) குழு 2022-இல் சொன்னது, புதிதாகச் சுகர் வந்தவர்களுக்கு மொத்தக் கலோரியில் பாதியளவு மாவுச்சத்து, ஐந்தில் ஒரு பங்கு புரதம். என் கட்சியும் அதுதான். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் முட்டை, சுண்டல், கீரை வையுங்கள். கறியும் நெய்யும் வெண்ணெயுமாக அந்த இடத்தை நிரப்பினால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எகிறும். தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் லிப்பிட் டெஸ்ட் எடுங்கள்; சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள்.

மன்னவனூர்: சாமை, தினை?

அரிசியை விட நார் அதிகம். மாவுச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று கரண்டி சாமைச் சோறு லோ கார்ப் ஆகாது.

கூக்கால்: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பம். எடை கூடுகிறதே என்று கீட்டோவில் இருக்கிறாள்.

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. கர்ப்பத்தில் எடை கூடத்தான் வேண்டும். சர்க்கரை இருந்தால் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். பாலூட்டும் காலத்திலும் கீட்டோ வேண்டாம்.