கடலுக்குக் கயாக், குழந்தைக்குத் தூண்டில்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: கடலில் மீன்பிடிக்க முதன்முதலாகக் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு, வாங்கப் போகிறேன். 8 வயது மகளையும் கூட்டிப்போக ஆசை. இரண்டு பேர் உட்காரும் கயாக்கையே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு பேர் கயாக் பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தனியாளாக வண்டிமேல் ஏற்றி, இறக்கி, மணலில் இழுத்துப்போய், திரும்பி வரும்போது களைத்துப்போன குழந்தையையும் பார்த்துக்கொண்டு மறுபடி ஏற்ற வேண்டும். இந்த வேலைக்கு மலைத்தே எத்தனையோ கயாக்குகள் வீட்டோடு கிடக்கின்றன. மகளுக்கு இதெல்லாம் பிடிக்குமா என்றும் இன்னும் தெரியாது. முதலில் கரையில் நின்று இருவரும் தூண்டில் போடுங்கள். அவளுக்கு ஆர்வம் வந்தால், தண்ணீருக்குப் பயமில்லாமல் கொஞ்சம் நீந்தவும் தெரிந்தால், ஒருநாள் வாடகைக்கு எடுத்து அலையில்லாத கழிமுகத்தில் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாங்கத் தோன்றினால், இருக்கையை நடுவுக்கு நகர்த்தித் தனியாகவும் ஓட்டக்கூடிய மாடலைத் தேடுங்கள். குழந்தை முன்னால்தான் உட்கார வேண்டும், அப்போதுதான் உங்கள் கண்ணிலேயே இருப்பாள். உங்கள் தூண்டிலை அன்றைக்கு வீட்டில் வைத்துவிடுங்கள். ஆடுகிற படகில் இரண்டு பேர் முள்ளை வீசினால் யாராவது ஒருவர் கண்ணுக்கு ஆபத்து.

கேள்வி: உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை விலை குறைவாகக் கிடைக்கிறது. கடலுக்குப் போதுமா?

பதில்: மீன்பிடிக்கப் போகிற புதியவருக்குப் போதாது. கவிழ்ந்தால் அது தண்ணீரால் நிரம்பிவிடும், ஆழத்தில் அதை இறைத்துவிட்டு மறுபடி ஏறுவது பழகியவர்களுக்கே கஷ்டம். மேலே உட்காரும் வகையில் தட்டில் விழுந்த தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு வயிற்றால் ஏறி உட்காரலாம். அப்படி ஏறுவது தானாக வராது, நெஞ்சளவுத் தண்ணீரில் பழக வேண்டும், குழந்தையை ஏற்றிவிடவும் சேர்த்துப் பழக வேண்டும். அப்புறம் எடைத் திறன். 180 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் 120 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் நீங்கள், குழந்தை, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், பிடிக்கப்போகிற மீன் எல்லாம் அடக்கம். எல்லை வரை ஏற்றினால் படகு மிதக்கும்தான், ஆனால் அலையில் தாழ்ந்து தள்ளாடும்.

கேள்வி: குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடுவாள். லைஃப் ஜாக்கெட்டை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் இரண்டு வருடம் வருமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பட்டியல் முழுவதிலும் பணத்தைச் சேமிக்கக் கூடாத ஒரே பொருள் இதுதான், கயாக்கைப் பற்றி யோசிக்கும் முன்பே இதை வாங்குங்கள். பெரிய ஜாக்கெட் தண்ணீரில் மேலே மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவுவாள். லேபிளில் போட்டிருக்கும் கிலோ அளவுக்குள் அவள் இன்றைய எடை இருக்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் மாட்டிவிட்டு ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவளுக்கானது இல்லை. கால்களுக்கிடையே மாட்டும் பட்டை கட்டாயம் இருக்கட்டும். பல நாடுகளில் விற்பவற்றில் மிதக்கவைக்கும் திறனைக் காட்ட 50, 100, 150 என்று எண் இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவர் கரைக்கருகே போடுவது, முகம் கவிழ்ந்து கிடப்பவரை மல்லாத்தும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. குழந்தைக்கு 100 அல்லது அதற்கு மேல் பாருங்கள், கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பகுதியோடு. காற்று நிரப்பும் வகை சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். வாங்கியதும் ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, பயத்தில் குழந்தையைக் கயாக்கோடு கயிற்றால் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கவிழ்ந்தால் அந்தக் கயிறே அவளைத் தண்ணீருக்குள் பிடித்து வைக்கும். துடுப்பைக் கட்டுங்கள், குழந்தையை ஒருபோதும் கட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கயாக் வாங்கினால் எதைப் பார்ப்பது?

பதில்: புரட்டிப்போட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். கீறல்கள் பரவாயில்லை. வடிகால் ஓட்டைகளைச் சுற்றியும் பின்நுனியிலும் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். நிறம் வெளுத்து, தேய்த்தால் மாவு போல வந்தால் வெயிலில் பல காலம் கிடந்தது என்று அர்த்தம். ஓட்டிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், அரைமணி ஓட்டிவிட்டு உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். துடுப்புக்குப் பதில் காலால் மிதித்து ஓட்டும் மிதி வைத்த கயாக் என்றால் அந்த மிதியைக் கழற்றச் சொல்லுங்கள், உப்பு முதலில் தின்பது அதைத்தான்.

கேள்வி: ‘கடலுக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்கிறது. நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: அது படகைப் பற்றிச் சொல்கிறது, அன்றைய கடலைப் பற்றி இல்லை. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற நாளில் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும், அதுதான் மோசமான நாள். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது எதிர்த்துத் துடுப்பு போட முடியாது. குழந்தையோடு என்றால் காற்று ஒதுங்கிய இடம், நடந்தே கரை சேரக்கூடிய ஆழம், அதற்கு மேல் வேண்டாம். நங்கூரம் போட்டால் முன்நுனியிலோ பின்நுனியிலோ மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் இழுத்துக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: குழந்தைக்கு எந்தத் தூண்டில்?

பதில்: பொம்மைக் கடையில் விற்பது வேண்டாம், முதல் மீனிலேயே ஒடிந்து அவள் அழுவாள். 1.2 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள உண்மையான ராடும் (தூண்டில் கம்பு), உப்புத்தண்ணீருக்கென்று செய்த, நூல் சுற்றும் சிறிய ரீலும் போதும். வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், குழாயை வேகமாக அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். குத்தினாலும் எளிதாக வெளியே வரும். ஏறியது முள்ளால் குத்தும் கெளுத்தியா திருக்கையா என்று நீங்கள் பார்த்துச் சொல்லும்வரை அவள் கை மீனில் படக்கூடாது, நீளமான குறடு ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும்.