ரோலைப் பிரித்துப் பாருங்கள்: சுஷியும் கலோரிக் கணக்கும்

கேள்வி: ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிட்டு உடம்பைக் குறைத்து வருகிறேன். வார நாட்களில் பிசகாமல் போகிறது. சனிக்கிழமை மதியம் தோழிகளோடு சுஷி சாப்பிடுவது எங்களுக்கு நெடுநாள் வழக்கம், அதை விட மனசில்லை. ஆனால் கணக்கு எழுத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒரு ஆப்பில் ஒரு ரோல் 180 கலோரி என்கிறது, இன்னொன்றில் 500 என்கிறது. "மீன்தானே, லேசான சாப்பாடு" என்கிறாள் ஒருத்தி. "அத்தனையும் வெள்ளைச் சாதம், தொடாதே" என்கிறாள் இன்னொருத்தி. போதாக்குறைக்கு ஞாயிறு காலையில் எடை பார்த்தால் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. சுஷியை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், விடாதீர்கள். எடையைக் குறைக்க என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தச் சாப்பாட்டை விட்டால் உங்களுக்கு ஏக்கம் வரும் என்றுதான். அதற்கு முதலில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு மற்றதை அமைத்தால்தான் டயட் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உங்களுக்கு அது சனிக்கிழமை சுஷி. சரி, அதற்கு இடம் பண்ணுவோம்.

உங்கள் இரண்டு ஆப்புகளும் சரியாகத்தான் சொல்கின்றன. வினிகர் கலந்த சாதத்தோடு மீனோ காயோ சேர்த்த ஜப்பானியச் சாப்பாடு சுஷி, அதைக் கடற்பாசித் தாளில் சுருட்டித் துண்டு போட்டால் ரோல். ரோல் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே சாப்பாடு இல்லை. வெள்ளரிக்காயையோ சூரை மீனையோ வைத்துச் சுருட்டிய ஒல்லி ரோல், ஆறு துண்டு, 130 முதல் 180 கலோரிக்குள் அடங்கிவிடும். மாவில் தோய்த்துப் பொரித்த இறால், பக்கத்தில் அவகாடோ, மேலே மயோனைஸ் கலந்த சாஸ் என்று வருகிற எட்டுத் துண்டு 500ஐத் தொடும். ஆப்பில் வெறுமனே 'சுஷி ரோல்' என்று தேடினால் இவற்றில் எது மாட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பதிலுக்காக ஒரு கலிஃபோர்னியா ரோல் வாங்கி வந்து, எட்டுத் துண்டையும் சமையலறை மேடையில் வைத்து அவிழ்த்தேன். சாதத்தை ஒரு தட்டில் வழித்து வைத்தேன், உள்ளே இருந்ததை இன்னொரு தட்டில். கடற்பாசித் தாளில் ஒட்டிய பருக்கைகளை ஈரக் கரண்டியால் சுரண்டி எடுத்துத்தான் நிறுத்தேன். சாதம் மட்டும் 140 கிராம் இருந்தது. நண்டுக்குச்சி (மீன் மசியலில் நண்டு ருசியோடு செய்தது), அவகாடோ, வெள்ளரி மூன்றும் சேர்ந்து அதில் பாதிகூட இல்லை. சுருட்டும்போது சாதத்தை நன்றாக அழுத்திவிடுவதால் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. உதிர்த்துவிட்டதும் ஒரு கிண்ணம் நிறைந்துவிட்டது. அப்படி இரண்டு ரோல் சாப்பிட்டால் இரண்டு கிண்ணம் சாதம் உள்ளே போகிறது. கூடவே வந்த மீனும் காயும் கொஞ்சம்தான்.

சுஷி சாதத்தில் சர்க்கரை இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிராம் அரிசிக்குச் சுமார் நான்கு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு என்பது பரவலாக உள்ள அளவு. அரிசியில் சுமார் 1,080 கலோரி, சர்க்கரையில் சுமார் 100. வெந்து வரும்போது ஏறக்குறைய 700 கிராம் சாதம். ஆக 100 கிராமுக்கு 165, 170 கலோரி. இதில் சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. எடைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது சாதத்தின் அளவைத்தான். நான் பிரித்த ரோலில் சாதத்துக்கு மட்டும் சுமார் 230 கலோரி, மற்றதெல்லாம் சேர்த்து அறுபது, எழுபது. மொத்தம் 300.

அந்த 300 எப்படி 500 ஆகிறது? பொரித்த எண்ணெயும் மயோனைஸும்தான் காரணம். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி. ரோலின் மேல் கோலம் போட்டது மாதிரி சாஸ் ஊற்றிக் கொண்டுவந்தால் அதில் இரண்டு கரண்டி தாராளமாக இருக்கும். கிரீம் சீஸ் 100 கிராமுக்கு 340, 350. விலாங்கு மீனின் மேல் பூசும் கறுப்புச் சாஸில் சர்க்கரை சேர்ந்திருக்கும். பட்டியலில் 'கிரிஸ்பி', 'கிரஞ்சி', 'டெம்புரா', 'டைனமைட்', 'கிரீமி' என்று கண்டால் 500 என்றே குறித்துக்கொள்ளுங்கள். 'ஸ்பைசி' என்றால் பெரும்பாலும் மிளகாய் சாஸை மயோனைஸில் கலந்திருப்பார்கள். காரம் மட்டும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

கணக்கு வைக்கச் சுலபமானது நிகிரி, அதாவது கையால் பிடித்த சாதத்தின் மேல் ஒரு துண்டு மீன். ஒன்றில் 15 முதல் 20 கிராம் சாதம், மேலே மீன். 40 முதல் 65 கலோரிக்குள் வரும், 50 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிசகு வராது. 1958இல் ஒசாகாவில் ஷிராயிஷி யோஷியாக்கி முதன்முதலாகத் திறந்த, தட்டுகள் பட்டையில் நகர்ந்து வரும் சுழல்பட்டைச் சுஷிக் கடையின் வழியில் வந்த கடைகளில் வழக்கமாகத் தட்டுக்கு இரண்டு துண்டு. காலித் தட்டுகள் உங்கள் முன்னாலேயே அடுக்கி இருக்கும். பில் போடுவதற்கான ஏற்பாடு அது, டயட்டில் இருக்கிறவருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. தட்டை எண்ணி நூறால் பெருக்கினால் போதும். நிகிரிக்குச் சாதத்தைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஜப்பானில் சில கடைகளில் பாதிச் சாத நிகிரி பட்டியலிலேயே இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

சாதமே இல்லாமல் பச்சை மீனை மட்டும் துண்டு போட்டுத் தரும் சஷிமியை நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். கொழுப்பில்லாத சிவந்த சூரை 100 கிராமில் சுமார் 110 கலோரிதான், அதில் புரதம் இருபது கிராமுக்கு மேல். பண்ணையில் வளர்த்த சால்மனில் 200 கலோரி வரும், சூரையின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு இன்னும் கூடுதல். அதற்காகச் சால்மனை ஒதுக்காதீர்கள். அந்தக் கொழுப்பு இதயத்துக்கு நல்லது, வயிறும் நிறையும். கணக்கில் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் சனிக்கிழமை. காலைக்கும் இரவுக்கும் 400, 400 என்று ஒதுக்கி, இடையில் காபி, பழத்துக்கு 100 போனால், மதியத்துக்கு 600 கைவசம் இருக்கிறது. உட்கார்ந்ததும் ஒரு மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), 40. ஒரு சின்னக் கிண்ணம் அவித்த எடமாமே (பச்சைச் சோயாக்காய்), 60. ஆறு துண்டு சூரை சஷிமி, 100. நிகிரி நான்கு, 200. மொத்தம் 400தான் ஆகிறது. மீதியில் ஒரு வெள்ளரி ரோல் வாங்கலாம். அல்லது தோழிகள் வாங்கிய பொரித்த இறால் ரோலில் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளலாம், அது 125 ஆகும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். மேஜையில் எல்லோரும் ரசித்துச் சாப்பிடுவதை நீங்கள் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இதில் வரிசை முக்கியம். சூப்பும் எடமாமேயும் சஷிமியும் முதலில், சாதம் உள்ளது கடைசியில். பசியோடு உட்கார்ந்தவுடன் ரோல் வந்தால் எட்டுத் துண்டும் ஐந்து நிமிஷத்தில் காலியாகிவிடும், வயிறு நிறைந்த சேதி தெரிவதற்குள் இரண்டாவது ரோல் வந்துவிடும். எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லாமல் இரண்டு தவணையாக ஆர்டர் செய்யுங்கள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ. அது கொழுப்பு இல்லை, தயவுசெய்து அதைப் பார்த்துப் பட்டினி கிடக்காதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாகச் சேர வேண்டும், ஒரு மதியச் சாப்பாட்டில் அது நடக்காது. சோயா சாஸ், மிசோ, இஞ்சி ஊறுகாய் எல்லாமே உப்பு, அது உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சாதத்தின் மாவுச்சத்து கிளைக்கோஜனாக, அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையாகச் சேரும்போதும் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும். எடையைச் சனிக்கிழமை காலையில், சாப்பிடப் போவதற்கு முன்னால் பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு ரத்த அழுத்தம். சுஷி சாப்பிடும்போது சோயா சாஸில் முக்கி முக்கி எடுக்கிறார். கலோரி இல்லாததுதானே என்கிறார்.

பதில்: கலோரி இல்லை என்பது ஏறக்குறைய சரி. ஆனால் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. சாதத்திலும் உப்பு சேர்ந்திருக்கும், மிசோ சூப் ஒரு கிண்ணம் குடித்தால் இன்னும் பல நூறு மில்லிகிராம் ஏறும். அவருக்குச் சூப் வேண்டாம், பச்சைத் தேநீர் போதும்.

சாதப் பக்கத்தை முக்கினால் சாஸை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், பிடியும் உதிர்ந்துபோகும். நிகிரியைச் சாய்த்து மீனின் நுனி மட்டும் படும்படி தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். சுஷி தெரிந்தவர்கள் சாப்பிடும் முறையும் அதுதான். கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். உப்புக் குறைந்த சோயா சாஸிலும் மேசைக்கரண்டிக்கு 500, 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும், அதனால் அது கிடைத்தாலும் அளவு அளவுதான்.

கேள்வி: பழுப்பரிசிச் சுஷி வாங்கினால் எடை குறையுமா?

பதில்: நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல். கலோரி ஏறக்குறைய அதேதான். ருசி பிடித்தால் சாப்பிடுங்கள், ஆரோக்கியமானது என்று இன்னொரு ரோல் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் சைவம். சுஷிக் கடைக்குப் போனால் எனக்கு என்ன இருக்கிறது? டயட்டிலும் இருக்கிறேன்.

பதில்: வெள்ளரி ரோல், முள்ளங்கி ஊறுகாய் ரோல், அவகாடோ ரோல் மூன்றும் பல கடைகளில் கிடைக்கும். முதல் இரண்டும் 130, 140 கலோரி அளவில் வரும். அவகாடோவில் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் ஏறும். இனாரி என்று ஒன்று இருக்கிறது, பொரித்த டோஃபுப் பையைச் சர்க்கரையும் சோயா சாஸும் கலந்த சாற்றில் வேகவைத்து, உள்ளே சாதம் அடைத்தது. ருசியானது, ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தது. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. மிசோ சூப்பும் இனாரியை வேகவைக்கும் சாறும் பெரும்பாலும் 'டாஷி' என்ற அடிப்படைச் சாற்றில் செய்யப்படுகின்றன. வழக்கமான டாஷி, கொம்பு என்ற கடற்பாசியோடு உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. கண்ணுக்கு மீன் தெரியாது. "மீன் சேராத டாஷியா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கொம்பும் காளானும் மட்டும் சேர்த்த டாஷியும் உண்டு.

சைவ ரோல்களில் சாதம் அதிகம், புரதம் குறைவு. அதனால் சீக்கிரம் பசிக்கும். எடமாமேயைத் தவறவிடாதீர்கள், 100 கிராம் பருப்பில் பதினொரு கிராமுக்கு மேல் புரதம், 120 கலோரிதான். குளிர்ந்த டோஃபு பட்டியலில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் மேல் மீன் சீவல் தூவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

கேள்வி: வீட்டிலேயே சுருட்டினால் கலோரியைக் குறைக்க முடியுமா? மீன் கடையில் வாங்கிய மீனைப் பச்சையாக வைக்கலாமா?

பதில்: முதல் கேள்விக்கு, தாராளமாக. தராசில் 70 கிராம் சாதம் நிறுத்துக்கொள்ளுங்கள். நோரி என்ற கடற்பாசித் தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும், விரலை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு சாதத்தைப் பரப்புங்கள். இடையிடையே கறுப்புத் தாள் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்க வேண்டும். அழுத்தாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு விரற்கடை வெறுமனே விடுங்கள், ஒட்டுவதற்கு அது வேண்டும். நடுவில் வெள்ளரி, கேரட், அவித்த இறால் என்று தாராளமாக அடுக்குங்கள். இறாலும் காயும் கைநிறைய வைத்தாலும் ரோல் 170, 180ஐத் தாண்டாது. தண்ணீரில் அடைத்த டின் சூரையை நன்றாகப் பிழிந்துவிட்டு, மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிரும் வசாபி என்ற காரமான பச்சை விழுதும் பிசைந்து வைத்துப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம். கடல் மீனில் அனிசாகிஸ் போன்ற புழுக்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கொல்ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் வழிகளில் ஒன்று, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைப்பது. வீட்டு ஃப்ரீசரின் கதவை நாம் திறந்து மூடுவதில் அந்தக் குளிர் சீராக நிற்காது. அந்த முறையில் உறைய வைத்ததுதான் என்று உறுதி சொல்லி விற்பவரிடம் வாங்கினால் சரி, இல்லையென்றால் வேகவைத்தே வையுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எங்கே வாங்கினாலும் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு இறால், முட்டை, காய் ரோல்கள் இருக்கின்றன, எல்லாம் நன்றாக வெந்ததாக இருக்கட்டும்.